ஏர்பேக் விளக்கு என்ன சொல்கிறது? அறிகுறி வாரியாகப் பழுது காணும் முறை

சாவியைத் திருப்பி இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். இன்ஜினை இயக்க வேண்டாம். மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இருக்கையில் அமர்ந்த ஒரு மனித உருவம், அதற்கு எதிரே ஒரு பெரிய பந்து. பெரும்பாலான கார்களில் சுமார் ஆறு விநாடியில் அது அணைந்துவிடும். பிரேக் பிடிக்கிறதா என்று மிதித்துப் பார்க்கலாம், ஹாரனை அழுத்திப் பார்க்கலாம். ஏர்பேக்கை அப்படிப் பரிசோதிக்க வழியில்லை, ஏனென்றால் அது ஆயுளில் ஒரே ஒரு முறை வேலை செய்யும் பொருள். அது நலமாக இருக்கிறதா என்று நமக்குச் சொல்ல அந்த விளக்கைத் தவிர வேறு வாய் அதற்குக் கிடையாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது “இந்த விளக்கை அணைத்துக் கொடுங்கள்” என்பதுதான். விளக்கை அணைப்பது ஐந்து நிமிட வேலை. அது ஏன் எரிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

விளக்கு எதை அளக்கிறது?

கியர் கம்பிக்குக் கீழே, காரின் நடுவில் தரையோடு திருகப்பட்ட ஓர் உலோகப் பெட்டி இருக்கும். அதுதான் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஸ்டியரிங்கில் உள்ள பை, பயணியின் முன்னால் உள்ள பை, பக்கவாட்டுப் பைகள், மோதலின்போது சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனர் என எல்லாவற்றுக்கும் அங்கிருந்து தனித்தனி வயர் போகிறது. ஒவ்வொரு வயரின் முடிவிலும் ஒரு சிறிய பற்றவைப்பான். அதன் மின்தடை ஏறக்குறைய 2 ஓம்.

பெட்டி மிகச் சிறிய மின்னோட்டத்தை இடைவிடாமல் அனுப்பி அந்த 2 ஓம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. பையை வெடிக்கச் செய்யவும் பெரிய சக்தி தேவையில்லை, சுமார் 1.2 ஆம்பியர், இரண்டே மில்லி விநாடி. இவ்வளவு நுட்பமான கணக்கில் ஒரு கனெக்டரின் பின்னில் களிம்பு ஏறி ஓரிரண்டு ஓம் கூடினாலே பெட்டிக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏர்பேக் விளக்கு எரிந்தால் பை கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் பை நன்றாகவே இருக்கும். பைக்குப் போகும் வழியில்தான் கோளாறு.

விளக்கு எரியும்போது பெட்டி தன்னை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிறுத்தி வைத்திருக்கக்கூடும். எந்த அளவுக்கு என்பது காருக்குக் கார் மாறும். ஆகவே விளக்கு எரியும் காரில் பை விரியாது என்று வைத்துக்கொண்டு ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

கை வைக்கும் முன்

பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையைக் கழற்றுங்கள். உடனே வேலையைத் தொடங்கக் கூடாது. மோதலில் பேட்டரி நசுங்கிப் போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கெபாசிட்டரில் மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கும். அது இறங்க ஒன்றரை நிமிடம் போதும் என்று சில கையேடுகள் சொல்லும், பத்து நிமிடம் என்று சில சொல்லும். நான் எந்தக் காராக இருந்தாலும் கால் மணி நேரம் விட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்து வருவேன்.

ஏர்பேக் வயரிங்கின் கனெக்டர்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் மல்டிமீட்டரைக் கீழே வைத்துவிடுங்கள். பற்றவைப்பானின் தடையைச் சாதாரண மீட்டரால் அளந்து பார்க்கும் ஆசைதான் இந்த வேலையில் மிக ஆபத்தான ஆசை. டெஸ்ட் லாம்ப் அதைவிட மோசம். கழற்றிய பையை மேசையில் வைக்கும்போது அதன் அலங்கார முகம் மேலே பார்த்திருக்க வேண்டும், அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது. கவிழ்த்து வைத்த பை தவறி வெடித்தால் அந்த உலோகக் கூடே ராக்கெட்டாகிவிடும்.

இதற்கு மேல் ஒன்று: கீழே சொல்பவற்றில் கனெக்டரைப் பார்ப்பது, பெல்ட்டைக் கழுவுவது போன்றவற்றை உரிமையாளரே செய்யலாம். பையையோ பிரிடென்ஷனரையோ கழற்றுவது பழகியவர் வேலை.

சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை

அணையாத விளக்கைவிட இது மோசமான அறிகுறி. ஆனால் யாரும் இதற்காகப் பட்டறைக்கு வருவதில்லை, ஏனென்றால் யார் கண்ணையும் இது உறுத்துவதில்லை.

முதலில் காரில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இது கேலியில்லை. இந்தியாவில் புதிய கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். முன்பக்கப் பயணிக்கான பை புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த ஆண்டின் கடைசியிலும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய அடிப்படை ரகங்கள் பலவற்றில் ஸ்டியரிங்கில் வெறும் பிளாஸ்டிக் மூடிதான். ஸ்டியரிங் மூடியிலும் டேஷ்போர்டிலும் ஏர்பேக் என்ற எழுத்து பொறித்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எழுத்து இருக்கிறது, விளக்கு எரியவில்லை என்றால் மூன்று வாய்ப்புகள். மீட்டர் பலகையில் அந்த விளக்கு மட்டும் செத்திருக்கலாம். ஃபியூஸ் போயிருக்கலாம், ஆனால் பல கார்களில் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் மீட்டர் பலகை தானாகவே விளக்கை எரியவிடும். மூன்றாவது வாய்ப்பு, யாரோ வேண்டுமென்றே அதை அணைத்திருக்கிறார்கள்.

விளக்கு சரியாக எரிந்து அணையும்படியே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய காராக வாங்கியது. ஸ்டியரிங் மூடியைக் கழற்றினால் உள்ளே பையே இல்லை. மஞ்சள் கனெக்டரின் வாயில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்று பற்றவைக்கப்பட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்தது. பெட்டி 2 ஓமைக் கண்டு திருப்தியடைந்து விளக்கை ஆறாவது விநாடியில் ஒழுங்காக அணைத்துக்கொண்டிருந்தது. இன்னும் சோம்பேறிகள் ரெசிஸ்டர்கூட வைப்பதில்லை. ஏர்பேக் விளக்கின் வயரை ஆயில் விளக்கின் வயரோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து எரியும், இன்ஜின் ஓடியதும் சேர்ந்து அணையும்.

ஆகவே பழைய கார் வாங்கும்போது இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு விளக்குகளை எண்ணுங்கள். ஏர்பேக் விளக்கு தன் கணக்குப்படி தனியாக அணைய வேண்டும். மூடியில் ஒட்டிய பசையின் தடம், டேஷ்போர்டின் நிறத்தில் மெல்லிய வேறுபாடு, அழுத்தினால் உள்ளே போகும் மூடி ஆகியவை தெரிந்தால், விரிந்துபோன பைக்கு மாற்று வைக்காமல் மூடியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ரெசிஸ்டர் வித்தையை, பெட்டியில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்கும் ஸ்கேனரும் கண்டுபிடிக்காது. மூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்டு.

விளக்கு அணையவில்லை, வேறு குறை எதுவும் இல்லை

முந்தைய நாள் காரில் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். இந்தக் கேள்விக்கே பாதிப் பழுது வெளியே வந்துவிடும். உள்ளே வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்தீர்களா? புது சீட் கவர் மாட்டினீர்களா? பின்னால் பெரிய பெட்டி ஏற்ற முன் இருக்கையைக் கடைசி வரை தள்ளினீர்களா? முன் இருக்கைகளின் அடியில் மஞ்சள் கனெக்டர் ஒன்று இருக்கும். பெல்ட் பூட்டு, பக்கவாட்டுப் பை, பயணி அமர்ந்திருப்பதை உணரும் சென்சார் ஆகியவற்றின் வயர்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. இருக்கை முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் அந்த வயரும் கூடவே அசைகிறது. குடை, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பொம்மை என ஏதாவது உருண்டு போய் அதில் சிக்கும்.

பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்த பிறகு அந்த கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பின்கள் பளபளப்பாக இருக்கின்றனவா, பச்சை பூத்திருக்கிறதா? மின்தொடர்புகளுக்கான கிளீனரை லேசாகத் தெளித்து, உலரவிட்டு, “கிளிக்” சத்தம் கேட்கும் வரை அழுத்தி மாட்டுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், பின்னின் மேல் பூச்சு போய்விடும். வயர் தொங்கினால் இருக்கையின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள், ஆனால் இருக்கை நகர இடம் விட்டு.

பேட்டரி இறங்கி இன்னொரு காரிலிருந்து இணைத்து இயக்கிய மறுநாள் விளக்கு வந்திருந்தால் காரணம் குறைந்த மின்னழுத்தமாக இருக்கலாம். பேட்டரி சரியான பிறகும் பல கார்களில் அந்தப் பிழைக்குறி தானாக அழியாது, ஸ்கேனரால் அழிக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ரீடர்களில் பெரும்பாலானவை இன்ஜின் பிழைகளை மட்டும்தான் படிக்கும். அதை மாட்டிப் பார்த்து “பிழை ஒன்றும் இல்லை” என்று ஏமாறாதீர்கள். ஏர்பேக் பெட்டியோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும்.

பிழைக்குறி “தடை அதிகம்” என்று சொன்னால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது தொடர்பு தளர்ந்திருக்கிறது. “தடை குறைவு” என்றால் வயர்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன, அல்லது கனெக்டர் சரியாக உட்காரவில்லை. மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு சிறிய உலோக நாக்கு உண்டு. கனெக்டரைப் பிரித்ததும் அது இரண்டு பின்களையும் ஒன்றாக இணைத்துவிடும், நிலைமின்சாரத்தால் பை வெடிக்காமல் இருப்பதற்காக. கனெக்டர் முழுதாக அமராவிட்டால் அந்த நாக்கு விலகாது, தடை குறைவு என்று காட்டும். பையை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த நாக்கைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

விளக்கோடு ஹாரனும் போய்விட்டது

ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கவில்லை, அல்லது ஸ்டியரிங்கில் உள்ள ஒலிப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. சில நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது காகிதம் கசங்குவது போன்ற சத்தமும் வரும். இந்தக் கூட்டணியைப் பார்த்தால் எனக்கு ஸ்கேனரே தேவையில்லை. அது கிளாக் ஸ்பிரிங்.

ஸ்டியரிங் சுற்றுகிறது, அதன் நடுவில் உள்ள பைக்கு அசையாத காரிலிருந்து மின்சாரம் போக வேண்டும். வெறும் வயர் போட்டால் நாலு திருப்பத்தில் முறுக்கி அறுந்துவிடும். அதனால் தட்டையான நாடா வயர் ஒன்றைக் கடிகாரச் சுருள் போலச் சுற்றி ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பும்போது சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பும்போது தளரும். ஏர்பேக், ஹாரன், பொத்தான்கள் எல்லாம் அந்த ஒரே நாடாவின் வழியாகத்தான் போகின்றன. ஆயிரக்கணக்கான வளைவுகளுக்குப் பிறகு மடிப்பில் விரிசல் விடும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது ஹாரன் அடித்து, முழுதாகத் திருப்பினால் அடிக்கவில்லை என்றால் விரிசல் தொடக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

புதிதாக மாட்டும்போது செய்யும் ஒரே தவறு, நடுநிலை பார்க்காமல் மாட்டுவது. முன் சக்கரங்களை நேராக வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சுருளை ஒரு பக்கமாக மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் நிற்கும். அங்கிருந்து எதிர்ப்பக்கமாகக் கையேடு சொல்லும் எண்ணிக்கை, பல கார்களில் சுமார் இரண்டரைச் சுற்று, திருப்பி மேலே உள்ள அடையாளங்களைச் சேர்க்க வேண்டும். இதைத் தவறவிட்டால் முதல் முழு வளைவிலேயே நாடா படாரென்று அறும். ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி வேலை பார்க்கும் மெக்கானிக், ஸ்டியரிங் வட்டத்தைக் கட்டிவைக்காமல் சுழலவிட்டாலும் இதே கதைதான். சஸ்பென்ஷன் வேலை முடிந்து வந்த அன்றே ஏர்பேக் விளக்கு எரிந்தால் பழியை எங்கே போடுவது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மேடு பள்ளத்தில் வந்து போகும் விளக்கு

தளர்ந்த கனெக்டர்தான். மேலே சொன்ன இருக்கையடியைப் பாருங்கள், பிறகு முன் பம்பருக்குப் பின்னால் உள்ள மோதல் சென்சாரின் கனெக்டரை. அங்கே சேறும் தண்ணீரும் நேராகப் படும். முன்பக்கம் கனத்த இரும்புத் தடுப்பு மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். சட்டப்படியும் அதற்கு இடமில்லை. மோதலின் அதிர்ச்சி சென்சாரைச் சென்றடையும் விதத்தையும் அது மாற்றிவிடுகிறது.

வெள்ளத்தில் நின்ற கார்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கை வரை ஏறினால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி தரையோடு இருக்கிறது என்று முன்பே சொன்னேன். கால்மிதி நனைந்தாலே கம்பளத்தின் அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு விளக்கு வரும்.

தண்ணீர் புகுந்த பெட்டியைத் திறந்து ஹேர் டிரையர் காட்டி உலர்த்தி மாட்டுகிறவர்கள் உண்டு. ஒலிப்பெட்டிக்கு அப்படிச் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தப் பெட்டியை மாற்றத்தான் வேண்டும். புதுப் பெட்டியை அந்தக் காருக்கென்று ஸ்கேனரால் பதிவு செய்ய வேண்டியிருக்கும். செலவு அதிகம்; வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போதே இதையும் பட்டியலில் சேர்ப்பது நல்லது. சென்னை புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி, கதவு, விளக்கு என்று தேடி வாங்குவேன். ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்க மாட்டேன்.

பெல்ட் போட்டும் எச்சரிக்கை ஒலி நிற்கவில்லை

பூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நாணயம், பிஸ்கட் தூள், குழந்தை சிந்திய பழச்சாறு காய்ந்த பிசின் இவற்றில் ஏதாவது இருக்கும். பெல்ட் மாட்டியதைச் சொல்லும் சிறிய சுவிட்ச் பூட்டுக்குள்தான் இருக்கிறது. தூசியை உறிஞ்சி எடுங்கள், எண்ணெய் விடாதீர்கள். சரியாகாவிட்டால் பூட்டை முழுதாக மாற்றுங்கள்.

ஆளில்லாத பக்கத்து இருக்கைக்கு ஒலிக்கிறது என்றால் பழுது இல்லை, இருக்கையில் வைத்த சாமானின் எடைதான் காரணம். அதற்காகப் பூட்டில் மாட்டும் போலி நாக்கு ஒன்று விற்கிறார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அவற்றை அகற்ற உத்தரவிட்டது. ஒலியை அடக்குவது அதன் சிறிய குற்றம். பெல்ட் போட்டவருக்கும் போடாதவருக்கும் வெவ்வேறு கணக்கு வைத்திருக்கும் பெட்டிகள் உண்டு. போலி நாக்கை நம்பி, பெல்ட் போட்டவருக்கான நிதானத்தில் அது முடிவெடுத்தால் போடாதவர் அதற்குள் டேஷ்போர்டை நெருங்கியிருப்பார்.

பயணி ஏர்பேக் நிறுத்தப்பட்டிருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தால், டேஷ்போர்டின் ஓரத்தில் சாவியால் திருப்பும் சுவிட்சைப் பாருங்கள். யாரோ குழந்தைக்காக அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். பின்னோக்கிய குழந்தை இருக்கையை இயங்கும் ஏர்பேக்கின் முன் ஒருபோதும் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சுவிட்ச்.

பெல்ட் இழுக்க வரவில்லை, அல்லது சுருண்டு போகவில்லை

சரிவில் நிறுத்திய காரில் பெல்ட் வராமல் பூட்டிக்கொண்டால் அது பழுதில்லை. சுருளுக்குள் இருக்கும் சிறு குண்டு கார் சாய்ந்தால் நகர்ந்து பூட்டிவிடும். வேகமாக இழுத்தாலும் பூட்டும். முழுதாக உள்ளே விட்டு, மெல்ல இழுங்கள்.

சுருண்டு போகாமல் தொங்கினால் பெரும்பாலும் அழுக்குதான். வியர்வையும் தூசியும் சேர்ந்து பட்டை விறைத்திருக்கும். முழுதாக வெளியே இழுத்து ஒரு கிளிப் போட்டு நிறுத்தி, வெந்நீரும் மென்மையான சோப்பும் கொண்டு துடைத்து, நிழலில் முற்றிலும் உலர்ந்த பிறகு விடுங்கள். பிளீச் வேண்டாம், சாயம் வேண்டாம். தோளருகே பெல்ட் திரும்பும் வளையத்தில் படிந்த கறுப்புப் படலத்தையும் துடைத்தால் பாதி சரியாகிவிடும். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் தைக்காதீர்கள், மாற்றுங்கள். விபத்துக்குப் பிறகு பெல்ட் அசையாமல் நின்றுவிட்டால் பிரிடென்ஷனர் வெடித்து முடிந்திருக்கலாம். அதுவும் ஒருமுறைப் பொருள்.

மோதியது, பை விரியவில்லை

கோபத்தோடு வரும் புகார் இது. முன்பக்கம் நொறுங்கியிருக்கிறது, பை அப்படியே இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று. பல நேரங்களில் பெட்டி சரியாகத்தான் முடிவெடுத்திருக்கும்.

முன் பைகள் விரிய, அசையாத சுவரில் மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் முட்டுவதற்கு ஈடான திடீர் வேகக்குறைவு வேண்டும். பெட்டி பார்ப்பது வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை. தகரம் எவ்வளவு மடங்கியது என்பதை அது பார்ப்பதில்லை. பின்னாலிருந்து இடித்தாலும், கார் உருண்டாலும் முன் பைகளுக்கு வேலையில்லை. நம் சாலைகளில் அடிக்கடி நடப்பது இன்னொன்று: நிற்கும் லாரியின் பின்புறத்துக்கு அடியில் கார் நுழைந்துவிடும். பானெட் தாண்டிக் கூரைத் தூண்தான் லாரியில் படும். சென்சாருக்குத் தேவையான அதிர்ச்சி தாமதமாகவோ மெதுவாகவோதான் வரும்.

விரிந்தால் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். முன் பை நிரம்ப ஏறத்தாழ 30 மில்லி விநாடி, பிறகு பின்புறத் துளைகள் வழியே உடனே காற்று இறங்கத் தொடங்கும். நிரம்பி முடித்த பையில் போய் விழுந்தால் அது தலையணை. நிரம்பிக்கொண்டிருக்கும் பையில் விழுந்தால் அது அடி. பெல்ட் போடாதவர் அந்த இரண்டாவது நிலையில்தான் போய் விழுகிறார். ஸ்டியரிங்கிலிருந்து மார்பு 25 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

ஆனால் மோதலுக்கு முன்பே விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்று கேட்டால் சிலர் பேச்சை மாற்றுவார்கள். பெட்டியின் நினைவில் அது பதிவாகியிருக்கும்.

அறிகுறியே இல்லாத பழுது

இதுவரை சொன்னதெல்லாம் விளக்கு பிடித்துவிடும் பழுதுகள். அது பார்ப்பது மின்சுற்றை மட்டும்தான். எரிந்து வாயுவாகிப் பையை நிரப்பும் எரிபொருள் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஜப்பானின் டகாடா நிறுவனம் தன் வாயு உருவாக்கிகளில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத ரகங்களில், வெப்பமும் காற்றின் ஈரமும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியதில் எரிபொருள் சிதைந்து, பற்றவைத்ததும் அளவுக்கு மீறி வேகமாக எரிந்தது. உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் பயணிகள் மேல் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி பைகள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் 2017 ஜூனில் திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா உள்ளிட்டவற்றின் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நம் கடற்கரை நகரங்களின் புழுக்கம் அந்த எரிபொருளுக்கு ஆகவே ஆகாத வானிலை. அத்தனை கார்களிலும் விளக்கு ஆறு விநாடியில் ஒழுங்காக அணைந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 இலக்க சேஸிஸ் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் திரும்ப அழைப்புப் பகுதியில் இட்டுப் பாருங்கள். இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தளத்திலும் இத்தகைய அறிவிப்புகள் இருக்கின்றன. எண் சிக்கினால் பையை இலவசமாக மாற்றித் தருவார்கள். இரண்டு மூன்று கை மாறி வந்த கார் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குத்தான் போயிருக்கும்.